ஒன்பதாம் கேள்விக்குப் பதில்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சென்ற கடிதத்தில் இடது என்று எழுதியிருந்தாய், அதற்கு முந்தையதில் வலது. இரண்டுமா, அல்லது வலி வீடு மாறிவிட்டதா என்று தெரியப்படுத்தவும்.

இது போனில் சொல்லக்கூடிய செய்திதான். ஆனால் போனில் பேசியதற்குப் பதிவு இல்லை என்று நீ சொல்வாய். முப்பது வருடமாக நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுக்கிறவளுக்குத் தாளில் இல்லாதது நடக்காதது. ஆகவே எழுதுகிறேன். நானும் என் மனைவி டிரைவரும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். நான்கு வயதுக்கும் ஆறுக்கும் நடுவில். ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் டிரைவர் "வருகிறவர்" என்று எழுதிவிட்டாள். பதினான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள், யார் ஏறினாலும் ஏற்றிக்கொண்டு போய்த்தான் பழக்கம்.

இனி வீட்டு ஆய்வு. சமூகப் பணியாளர் ஒருவர் இரண்டு முறை வந்து வீட்டையும் எங்களையும் பார்ப்பார். எல்லோரும் இதற்குத்தான் நடுங்குகிறார்களாம். எனக்கு நடுக்கம் இல்லை. நான் லிஃப்ட் பரிசோதகன். அடுத்தவர் கட்டடத்தில் நுழைந்து குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். ஆய்வுக்கு வருகிறவரின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. நெருங்கிய உறவினர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று தபாலில் வரும். பதினான்கு கேள்விகள். ஒன்பதாவதை மட்டும் கவனித்து எழுது: "விண்ணப்பதாரரின் பொறுப்பில் எப்போதாவது ஒரு குழந்தை விடப்பட்டதுண்டா? அப்போது நடந்ததை விவரிக்கவும்." உன் மகள், என் மருமகளின் லிஃப்ட் கதைக்காகவே கேட்டதுபோல் இருக்கிறது. அவளுக்கு நான்கு வயது, எனக்கு இருபத்தொன்று. நான் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு அவளையும் கூட்டிப் போனேன். கரண்ட் போய், லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டாள். நாற்பது நிமிடம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதை சொல்லி அவளை அழாமல் பார்த்துக்கொண்டேன். இதைவிட நல்ல சான்று எந்த விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும்?

விரைவில் அனுப்பு. டிரைவர் உன்னை விசாரித்தாள்.

தம்பி

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இரண்டும்தான். முறை வைத்து வலிக்கின்றன. நீ இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்பதை டிரைவரிடம் கேட்டுக்கொள்கிறேன். உன்னைக் கேட்பதாக இல்லை.

உன் செய்தியை மூன்று முறை படித்தேன். சந்தோஷம் என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. பெரிய வார்த்தை என் வசம் இல்லை. மற்றவர்கள் சொன்னதை எழுதியே பழகிவிட்டது.

படிவம் வந்தது. எட்டுக் கேள்விகளுக்கு அன்றே எழுதிவிட்டேன். குடிப்பழக்கம் இல்லை, கோபம் வந்தால் கதவைச் சாத்துவான், உடனே வந்து கீலைச் சரிபார்ப்பான் என்பது வரை. ஒன்பதாவதில் நிற்கிறேன். நான் அப்போது அங்கே இல்லை, ஆகவே நீ சொல்லித்தான் எழுத வேண்டும். லிஃப்ட் எந்த மாடியில் நின்றது? கரண்ட் போனபோது நீ எங்கே இருந்தாய்? என்ன கதை சொன்னாய்?

மெதுவாக யோசித்து எழுது. அவசரம் இல்லை.

அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், மாத்திரை உட்பட. உன் முழங்கால்களின் ஒப்பந்தம் தொடரட்டும்.

அவசரம் இல்லை என்று நீ எழுதியதுதான் புரியவில்லை. முதல் ஆய்வு மார்ச் 8. இருந்தாலும் பதில்: லிஃப்ட் நின்றது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். நான் நான்காம் மாடியில், லிஃப்ட் கதவுக்கு எதிரில் நின்றேன். ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை. சொன்னது யானைக் கதை. முதலில் கொஞ்சம் அழுதாள், "மாமா இங்கதான் இருக்கேன்" என்றதும் அடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவளை என்னிடம் விடும் தேவை உனக்கு வரவில்லை, பள்ளி மாறிவிட்டது. இல்லாவிட்டால் இப்படி இன்னும் நாலு சம்பவம் கைவசம் இருந்திருக்கும்.

வீடு தயார். மேசை, அலமாரி முனைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி. மருந்துப் பெட்டி என் நெற்றி உயரத்தில், பூட்டுடன். ஜன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்து தாளில் குறித்து ஜன்னலிலேயே ஒட்டியிருக்கிறேன். குழந்தை அறையின் கதவில் பதிவேடு தொங்குகிறது, தேதி, பரிசோதித்தவர், கையொப்பம் என்று மூன்று பத்திகள். கட்டிலில் பழக்கதோஷத்தில் ஒரு தகடு அடித்துவிட்டேன்: "அதிகபட்சம் 1 நபர்."

டிரைவர் வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

"இது புள்ள வரப்போற வீடா, கோடவுனா?"

"ஆய்வுக்கு வர்றாங்கல்ல."

"நான் கதை சொல்ல அந்தக் கட்டில்ல உக்காந்தா ஓவர்லோடா?"

தகட்டை 2 என்று மாற்றினேன். அவளுக்கு அது திருப்தி தரவில்லை.

தம்பி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. அங்கும் அவ்வாறே இருக்கட்டும்.

ஜனவரி 8ஆம் தேதிக் கடிதத்தில் அவளை அழாமல் பார்த்துக்கொண்டாய். பிப்ரவரி 6ஆம் தேதிக் கடிதத்தில் அவள் அழுதாள். எதை எழுதட்டும்?

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தந்தியைப் போல் இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அழுதாள் என்றே எழுது. இயற்கையாக இருக்கும்.

முதல் ஆய்வு முடிந்தது, பிரமாதமாக. வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். தோளில் பெரிய பை, கையில் பென்சில். பென்சிலால் எழுதும் பரிசோதகரை நான் முழுதாக நம்புவதில்லை, அது என் தொழில் குறைபாடு. தீயணைப்புக் கருவியை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு முறை அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன், பலனில்லை. நேராகக் குழந்தை அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்த போர்வையை விலக்கினார்.

"இது யாரு?"

"மணல் மூட்டை. மொத்தம் நூத்தியிருபது கிலோ. நாலு மடங்கு எடை வச்சு ஒரு நாள் முழுக்கச் சோதனை பண்றேன்."

"போர்வை எதுக்கு?"

"குளிருமேன்னு நான்தான் போத்திவிட்டேன்" என்றாள் டிரைவர்.

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. பிறகு கூடத்தில் உட்கார்ந்து கேள்விகள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா எந்த ரூம்ல போடுவீங்க?"

"சண்டையே போடறதில்லை" என்றேன் நான். "சமையல் ரூம்ல" என்றாள் டிரைவர். இரண்டும் ஒரே நொடியில்.

அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க" என்றார். நேர்மையாகச் சொன்னேன். ஒருமுறை ஒரு சான்றிதழில் தேதியை மாற்றிப் போட்டுவிட்டேன், மறுநாளே திருத்திவிட்டேன். ஒரே வரி எழுதிக்கொண்டார். பிள்ளைகளோடு பழக்கம் உண்டா என்றதும் கரண்ட் போன கதையை முழுதாகச் சொன்னேன். டிரைவருக்கு மனப்பாடம், நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் தொடர்ந்தாள். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் ஆய்வு மே 14. உன் படிவம் மட்டும்தான் பாக்கி. உடனே தபாலில் போடு.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த இரண்டு வாரமாக அவ்வளவாக இல்லை, ஆனால் மருத்துவரிடம் காட்டும் வகை அல்ல.

நீ பயிற்சி பெற்ற கட்டடம் எங்கள் நீதிமன்றத்துக்கு நேர் எதிரில் இருந்தது. நீ மறந்திருக்கலாம். அன்று மதியம் நான் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி வேகமாகச் சுற்றியது. காகிதங்கள் பறந்தன, நீதிபதி தன் கண்ணாடிக் கூட்டை அவற்றின் மேல் வைத்தார். கரண்ட் போகவில்லை, தம்பி.

அன்று மாலை உன் மருமகள் என் மடியில் உட்கார்ந்து சொன்னாள்: "மாமா என்னை லிஃப்ட்ல நிக்கச் சொல்லிட்டு மேல போனாரு. லிஃப்ட் போச்சு, இருட்டாயிடுச்சு. அப்புறம் மாமா கதவுகிட்ட வந்து அழுதாரு. நான் பூனைக் கதை சொன்னேன்." ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டேன். ஒரு வார்த்தை மாறவில்லை. அவளைப் போன்ற சாட்சி எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

மேலே போய் நீ எதைத் தொட்டாய் என்று எனக்குத் தெரியாது. நீயே சொல்வாய் என்று இருந்தேன். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இதைவிட நீண்ட வாய்தாக்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவற்றில் ஒரு தரப்பாவது வக்கீல் வைத்திருக்கும்.

அவளை உன்னிடம் விடும் தேவை வரவில்லை என்று எழுதினாய். பதினேழு முறை வந்தது. பதினேழு முறையும் அவளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய் என் மேசைக்கு அடியில் உட்கார வைத்தேன்.

ஒன்பதாம் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். உறையை ஒட்டவில்லை. மே 15ஆம் தேதி தபாலில் போடுவேன். அதற்கு முந்தைய நாள் அந்தச் சமூகப் பணியாளர் உன் வீட்டுக்கு வருகிறார். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

நீ தகப்பனாகக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அது பத்தாம் கேள்வி. அதற்கும் எழுதியிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 28

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலுக்கு எங்கள் டிப்போவில் ஒருவர் ஒரு தைலம் சொன்னார், தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் தம்பி மாத்திரை போடுகிறார், நான் நின்று பார்க்கிறேன்.

ஒரு மாதத்துக்கு முன் உங்கள் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவர் குளியலறைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பூச்சு. என்னவென்று கேட்டால் "வேலை" என்கிறார். ஜன்னலில் ஒட்டியிருந்த அளவுத் தாளையெல்லாம் கிழித்துவிட்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. பேருந்தில் கடைசி இருக்கையில் ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கண்ணாடியில் தெரிந்துவிடும், அண்ணி. இவர் நாற்காலியில் என் எதிரில் அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் பிள்ளை எடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். ஆறு வருடம் மருத்துவமனைகளில் வரிசையில் நின்றவள், இன்னொரு "இல்லை" எனக்குப் புதிதல்ல. ஆனால் மே 14க்கு முன் தெரிய வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
டிரைவர் (அவர் அப்படித்தானே உங்களுக்கு எழுதுகிறார்)

மே 4

அன்புள்ள டிரைவருக்கு,

தைலம் வந்தது. வாசனையிலேயே வலி பாதி ஓடிவிட்டது, பக்கத்து வீட்டாரும் ஓடினார்கள். உன் இடுப்பு வலி பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நாள் முழுக்க இன்ஜின் மேல் உட்காருகிறவளுக்கு வலி இல்லாமல் இருக்காது.

எனக்கு ஆட்சேபணை இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், கையெழுத்தோடுதான் எழுதுகிறேன்.

மற்றது அவன் சொல்ல வேண்டியது. ஒன்பதாம் கேள்வி என்னவென்று அவனிடம் கேள்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஐம்பது நாளுக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்பு நலம்.

சொல்லிவிட்டேன். இரண்டு பேரிடமும். உன்னிடம் மூன்றாவதாகச் சொல்கிறேன், முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

அன்று மேலே இயந்திர அறையில் ஒரு சத்தம் கேட்டது. என் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நானே கண்டுபிடித்து அசத்தலாம் என்று ஆசை. அவளைத் தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் நிறுத்தி, "இங்கயே நில்லு, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஆறு மாடி ஓடினேன். நான்கு வயதுப் பிள்ளை முன்னால் வரிசையாகப் பொத்தான்கள் இருந்தால் அழுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. மெயின் சுவிட்சை இழுத்தேன். சத்தம் நின்றது. லிஃப்டும் நின்றது, அவளோடு. திரும்பப் போட்டபோது ஃபியூஸ் எரிந்துவிட்டது. காவலாளி புதியது வாங்கி வர நாற்பது நிமிடம். நான்காம் மாடிக் கதவில் உட்கார்ந்து அழுதேன். யானைக் கதை எதுவும் இல்லை. எனக்கு யானைக் கதையே தெரியாது.

டிரைவரிடம் வீட்டில் சொல்ல வரவில்லை. அவள் பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போனேன். எல்லோரும் இறங்கியதும் பின்னால் வந்தாள். சொன்னேன். இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கா மூணு கோட் பெயிண்ட்?"

"ம்."

"பொண்ணு பாக்க வந்தப்ப இந்தக் கதையத்தான் சொன்னீங்க. புள்ளைங்ககிட்ட இவ்வளவு பொறுமையான ஆளான்னுதான் சரின்னு சொன்னேன். பத்து வருஷமா நானும் ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டு வரேன்."

"தெரியும்."

"எறங்குங்க. அடுத்த டிரிப் எடுக்கணும்."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் தட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்: "பதினாலாம் தேதி நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருப்பேன். நடுவுல எடுத்துக் குடுக்க மாட்டேன்."

சமூகப் பணியாளரிடம் அப்படியே சொன்னேன். போன முறை சொன்ன கரண்ட் கதை பொய் என்றும் சொன்னேன். நான் பதில் போடாததால் நீ மே 15 வரை காத்திருக்க மாட்டாய், உன் படிவம் அவர் பையில் இருக்கும், படித்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று நினைத்துக் கடைசியில், "அக்காவும் இதைத்தான் எழுதியிருப்பாங்க" என்றேன்.

"உங்க அக்கா ஃபாரம் இன்னும் வரவே இல்லையே" என்றார்.

பென்சிலைக் கீழே வைத்தார். "போன தடவை உங்க வீட்ல ஒரு குறை கூட இல்லை. இங்க ஒரு புள்ள பால் டம்ளரைத் தட்டிவிட்டா என்ன ஆகும்னு யோசிச்சிட்டே போனேன்" என்றார். "அதுக்காக இது பாஸ்னு அர்த்தம் இல்லை. என்கிட்ட ஒரு தடவை பொய் சொல்லியிருக்கீங்க. அதை நான் எழுதித்தான் ஆகணும்."

எழுதட்டும். நானாக இருந்தாலும் எழுதுவேன்.

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ஒன்று, என் மருமகளின் வாக்குமூலம், நேராக அவருக்கே. அதில் என்ன எழுதுவாளோ, எழுதட்டும். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. இரண்டாவது, எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை வளர்க்கச் சம்மதிக்கும் ஒருவரின் கையெழுத்து. உன் பெயர் கொடுத்திருந்தேன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கூடாதாம். நீ ஒரு வருடம் தாமதித்துவிட்டாய், அதாவது நான். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

பதினேழு முறை என்று எழுதியிருந்தாய். எண்ணிவைத்திருக்கிறாய் என்பதுதான் தாங்கவில்லை.

தம்பி

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? அத்தை நலமா? நான் நலம். கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு முப்பது பேருக்குக் கண் பார்க்கிறேன், என் கண்தான் வலிக்கிறது. அம்மா உங்களைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் கதவைத் துடைக்கிறார்.

அந்த அதிகாரிக்கு எழுதிவிட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், சுருக்கமாக. இருட்டு எனக்கு நினைவில்லை. கதவு இடுக்கில் உங்கள் இரண்டு விரல் தெரிந்தது நினைவிருக்கிறது. நாற்பது நிமிடமும் அதை நீங்கள் எடுக்கவில்லை. கிரீஸ் நாற்றம். நான் பூனைக் கதையை ஐந்து முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் "அப்புறம்?" என்று அழுதுகொண்டே கேட்டீர்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல ரசிகர் வாய்த்ததில்லை. மேலே போனது தப்பு. அதையும் எழுதியிருக்கிறேன்.

குடும்பத்தில் யார் கூடினாலும் கரண்ட் போன கதையைச் சொல்வீர்களே, நான் ஒருமுறையும் மறுத்ததில்லை. நீங்கள் அதை நன்றாகச் சொல்வீர்கள். ஆனால் பூனையை யானையாக்கியதை மட்டும் மன்னிக்க முடியாது.

காப்பாளர் கையெழுத்துக்கு ஆள் இல்லை என்று அத்தை போனில் சொன்னார். எனக்கு இருபத்தாறு வயது, வேலை இருக்கிறது, பைத்தியம் இல்லை. இத்துடன் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இருவரும் தயவுசெய்து நெடுநாள் உயிரோடு இருக்கவும். எனக்குக் கல்யாணமே இன்னும் ஆகவில்லை.

மருமகள்

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். தைலம் தீர்ந்திருந்தால் சொல், டிப்போக்காரர் தயாராக இருக்கிறார்.

ஜூலையில் ஒப்புதல் வந்ததை டிரைவர் போனில் கத்திச் சொன்னபோது உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. "விண்ணப்பதாரர் முதல் சந்திப்பில் உண்மைக்கு மாறாகப் பேசினார், இரண்டாம் சந்திப்பில் தாமாகவே திருத்தினார்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி அப்படியே நிற்கட்டும் என்று டிரைவர் சொல்கிறாள்.

நேற்று முதல் சந்திப்பு. வருகிறவர் ஒரு பெண். ஐந்து வயது, முன்பல் இரண்டு இல்லை. பார்வையாளர் அறையில் எங்களுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை நடந்ததெல்லாம் ஆய்வே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

டிரைவரிடம் கேட்டாள்: "நெஜமா பஸ் ஓட்டுவியா? பெரிய பஸ்ஸா?"

"பெரிய பஸ்தான்."

"நம்ப மாட்டேன்."

டிரைவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்ல எத்தனை கதவு?"

"ஏழு."

"என்னை எங்கயாச்சும் விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தத்தெடுப்பவர்களுக்குத் தந்த வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டே வார்த்தை, படித்திருக்கிறேன். சமூகப் பணியாளர் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"ஒரு தடவை ஒரு பாப்பாவை லிஃப்ட்ல விட்டுட்டு மேல போயிட்டேன்" என்றேன். "நாப்பது நிமிஷம். தப்பு என்னோடதுதான்."

டிரைவர் என் காலை மிதித்தாள், பிரேக் என்று நினைத்து. நான் நிற்கவில்லை.

"அழுதுச்சா?"

"இல்லை. நான்தான் அழுதேன்."

"அப்புறம்?"

"கதவைத் திறந்து கூட்டிட்டு வந்தேன்."

"அது இப்ப எங்க?"

"பெருசாயிடுச்சு. எல்லாருக்கும் கண்ணு பாக்குது. உன்னைப் பாக்க வரேன்னு சொல்லியிருக்கு."

கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். அந்த நேரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பிறகு சமூகப் பணியாளரிடம், "இவங்க என்னைக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள்.

"இருபத்தாறாம் தேதி."

"காலையிலயா, சாயங்காலமா?" இது என்னிடம்.

"நீயே சொல்லு."

"காலையில. சாயங்காலம்னா நாள் பூரா வாசலையே பாக்கணும்."

எட்டு மணி என்று சொல்லியிருக்கிறோம். டிரைவர் ஆறு மணிக்கே போய் வாசலில் நிற்கலாம் என்கிறாள். நீ இருபத்தைந்தாம் தேதியே வந்துவிடு.

தம்பி